ஐஸ் ஃபேக்டரியில் முப்பது வினாடி

காலை நாலேகாலுக்கு
கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நின்று
"சைலன்ஸ்" என்று கத்தினான் பிரஞ்சல்.
கௌஹாத்திக்காரன். கடல் அவனுக்குப் புதிது.
சங்கரா மீன் கூடையோடு போன அக்கா
தன்னைத்தான் அதட்டுகிறான் என்று நினைத்து
திருப்பிக் கொடுத்தாள்.
அவள் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை.
மைக்கில் மட்டும் இருக்கிறது,
துல்லியமாக.

புனேயில் முதல் வருடம்
எங்களைப் பஞ்சு ஒட்டிய அறைக்குள் உட்கார வைத்து
விளக்கை அணைத்துவிட்டார்கள்.
பத்து நிமிடம் கழித்து
அவரவர் கேட்டதை எழுதணும்.
ஜிஷ்ணு தன் வயிற்றை எழுதினான்.
நான் "ஒன்றுமில்லை" என்று எழுதினேன்.
ஆறு மதிப்பெண்ணுக்குப் பூஜ்ஜியம்.
பக்கத்தில் சிவப்பு மையில்:
அப்படி ஒரு ஒலி கிடையாது.

அப்புறம் எல்லாம் கற்றுக்கொண்டேன்.
எந்த அறையை விட்டுக் கிளம்பும் முன்பும்
எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து
முப்பது வினாடி
அறையை மட்டும் பதிவு செய்யணும்.
ரூம் டோன் என்பார்கள்.
வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில்
வெட்டிய இடம் தெரியாமல்
பூசி மறைக்கும் சுண்ணாம்பு.

டிப்ளமோ படத்துக்கு மூன்றே ஷிஃப்ட்.
கடைசிக் காட்சி ஐஸ் ஃபேக்டரியில்.
புருஷன் போன படகைப் பற்றிக் கேட்காமல்
ஐஸ் வாங்க வந்து நிற்கிறாள் ஒருத்தி.
"எனக்கு ஒரு பார் போதும்."
நாலு வார்த்தை.
மெஷின் ஓடினால் நாலும் கேட்காது.

மெஷினைப் பார்த்துக்கொள்வது உத்தண்டி.
பத்தாவதில் எனக்கு ரெண்டு பெஞ்ச் பின்னால் இருந்தவன்.
அவன் காதருகே போய்க் கேட்டேன்,
அரை மணி நேரம் நிறுத்த முடியுமா?
என் ஹெட்போனைப் பார்த்தான்.
மழையில் நனைந்த கீரி மாதிரி
மயிர் சிலிர்த்திருந்த மைக்கைப் பார்த்தான்.
"நிறுத்துனா மீனு அழுவும்.
ஒங்க படம் அழுவுமா?"

என்ன சொல்கிறான் என்றான் பிரஞ்சல்.
அழுகுமா என்றானா, அழுமா என்றானா,
எங்கள் ஊர் வாயில் ரெண்டுக்கும் ஒரே ஒலி.
முடியாதாம் என்றேன்.

மெஷின் ஓட ஓடவே எடுத்தோம்.
அவள் உதடு அசைந்தது.
என் காதில் கம்ப்ரஸரும் சங்கிலியும்
தொட்டியில் சொட்டும் உப்புநீரும்தான்.
கட் சொல்ல பிரஞ்சல் கை தூக்கியபோது
ஃபிரேமுக்கு வெளியே இருந்து,
மெஷினை மிஞ்சிய குரலில்:
"ஒண்ணு எதுக்குப் பத்தும்?"

பழுதான டேக் என்று ஜிஷ்ணு தலையில் அடித்துக்கொண்டான்.
நடிக்க வந்த பெண்ணோ
குரல் வந்த பக்கம் திரும்பி
ஒத்திகையில் ஒருமுறைகூட வராத முகத்தோடு
வெறுமனே நின்றாள்.
கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

எப்படிடா கேட்டுச்சு உனக்கு?
"கேக்கல.
ஒம்போது வருசமா இதுக்குள்ள இருக்கேன்.
இங்க எல்லாரும் வாயைத்தான் பாப்போம்."
இடது காது சுத்தமாகப் போய்விட்டதாம்.
வலதில் கொஞ்சம் இருக்கிறதாம்.
பிராய்லர் கோழி விலை சொல்வதுபோலச் சொன்னான்.

பிறகு ரூம் டோன் எடுத்தேன்.
யாரும் சொல்லாமலே அவனும் நின்றான்,
கையில் ஸ்பேனரோடு, மூச்சை அடக்கி,
போட்டோவுக்கு நிற்பவன் மாதிரி.

மிக்ஸிங் தியேட்டரில்
இரைச்சலைக் கழுவி எடுக்கச் சொன்னார்கள்.
எடுக்கத் தெரியும். அதற்குத்தான் படித்தேன்.
ஒரு ராத்திரி முழுக்க எடுத்தேன்.
விடிந்ததும் திரும்ப வைத்தேன்.
மதிப்பெண் என்ன ஆனது என்பது வேறு கதை.
டைட்டிலில் அவன் பெயரை
ஓர் எழுத்துப் பிசகாக அடித்துவிட்டார்கள்.

படத்தை அவனுக்கு அனுப்பினேன்.
நாலு நாள் கழித்து
ஒரு குரல் செய்தி வந்தது.
பஞ்சு ஒட்டிய அறையில் உட்கார்ந்து
விளக்கை அணைத்துக் கேட்கிறேன்.
கம்ப்ரஸர். சங்கிலி. உப்புநீர்.
நடுவில் அவன் ஏதோ சொல்கிறான்.
பின்னால் ஓட்டிக் கேட்கிறேன்.
சொல்கிறான்.

உதடு தெரியவில்லை.